அகலமான காலுக்குச் சேஃப்டி சப்பாத்து: நம்பரைக் கூட்டாதீங்க, முன்மூடியைப் பாருங்க

கேள்வி இதுதான்: கம்பி வேலை, மேசன் வேலை செய்கிற, கால் அகலமான ஒருவருக்கு நாள் முழுக்கப் போட்டாலும் கடிக்காத, ஒரு மாரியோடு பிய்ந்து போகாத சேஃப்டி சப்பாத்தை எப்படித் தெரிவு செய்வது? கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கட்டட சைட்டுகளில் ஆட்களுக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பில் இருப்பதால் எழுதுகிறேன். பிராண்ட் பெயர் ஒன்றைச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஒரே பிராண்டிலேயே ஒரு மொடல் பொருந்தும், அடுத்தது கடிக்கும்.

எங்கட ஆட்களில் பலர் வயலிலும் கடற்கரை மணலிலும் வெறுங்காலோடு, மிஞ்சினால் ஒரு பாட்டாச் செருப்போடு நடந்து வளர்ந்தவர்கள். விரல் விரிந்து முன்கால் அகன்றுதான் இருக்கும். அது குறை இல்லை, கால் இருக்க வேண்டிய விதமே அதுதான். குறை சப்பாத்தில். கடைக்கு வருவதில் அதிகமானவை மூக்கு ஒடுங்கியவை.

சாதாரணத் தோல் சப்பாத்து என்றால் போடப் போட இளகிக் காலுக்கு வழிவிடும். சேஃப்டி சப்பாத்தில் விரலுக்கு மேல் இரும்போ, அலுமினியமோ, கம்பொசிட்டோ (நார் கலந்த பிளாஸ்டிக்) ஒரு மூடி இருக்கிறது. சேஃப்டி சப்பாத்துக்கான ஈஎன் ஐஎஸ்ஓ 20345 என்ற சர்வதேசத் தரத்தின்படி அது 200 ஜூல் அடியையும், 15 கிலோ நியூட்டன், அதாவது ஒன்றரைத் தொன் அளவு நசுக்கலையும் தாங்க வேண்டும். அவ்வளவைத் தாங்குகிற சாமான் உங்கள் சின்ன விரலுக்காக ஒரு மில்லிமீற்றர்கூட இளகாது. “போட்டுப் பழகினால் சரி வரும்” என்று யாராவது சொன்னால், மூடிக்குப் பின்னால் உள்ள தோலுக்கு மட்டும்தான் அது பொருந்தும். முதல் நாள் மூடி விரலில் பட்டால் கடைசி நாளும் படும்.

கம்பொசிட் மூடி பாரம் குறைவு, வெயிலில் சுடுவதும் குறைவு. ஆனால் அதே பலம் வர வேண்டும் என்பதால் இரும்பைவிடத் தடிப்பாகச் செய்வார்கள். அதனால் வெளியே அகலமாகத் தெரிகிற சப்பாத்து உள்ளே ஒடுக்கமாக இருக்கலாம். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

நம்பரைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. கல்முனையில் ஒரு கடைக்குச் செங்கலடிப் பக்கத்துத் தம்பி ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். கம்பி கட்டுகிறவர், 8 ஆம் நம்பர் கால். கடைக்கார நானா, “தம்பி, ஒரு நம்பர் கூடப் போட்டுப் பாருங்க” என்றார். போட்டு நாலடி நடந்துவிட்டு, “குதி கழறுது நானா, சின்ன விரல் இன்னும் கடிக்குது” என்றார். யூகே அளவில் ஒரு நம்பர் கூடினால் நீளம் 8.5 மில்லிமீற்றர் அளவு கூடும்; அகலத்தில் கூடுவது அதில் சிறு பங்குதான். போதாததற்கு, சப்பாத்து மடிய வேண்டிய இடம் கால் மடிகிற இடத்தைவிட முன்னே போய்விடும். ஒவ்வொரு முறை குந்தி எழும்பும்போதும் மூடியின் பின் விளிம்பு விரலின் மேல் வெட்டும். ஏணியில் ஏறும்போது குதி கழறுவது கடியைவிட ஆபத்து.

அந்த 9 ஆம் நம்பரைக் கழற்றி, 8 ஆம் நம்பரில் இரண்டு மொடல் எடுக்கச் சொன்னேன். உள்ளே கிடந்த இன்சோல்களை வெளியே இழுத்து நிலத்தில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் அவரை ஏறி நிற்கச் சொன்னேன். முதலாவதில் சின்ன விரல் முழுதாக வெளியே. மூக்கு வட்டமாக இருந்த இரண்டாவதில் ஐந்து விரலும் விளிம்புக்குள் அடங்கின. அதையே எடுத்தோம், நம்பர் கூட்டாமல். இன்சோலுக்கு வெளியே வழிகிற கால் சப்பாத்துக்குள்ளும் சுவரில் நெருக்குப்படத்தான் போகிறது. இன்சோல் கழறாத சப்பாத்து என்றால், காலை அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, வெட்டி, உள்ளே தள்ளிப் பாருங்கள். ஓரம் சுருண்டால் வேண்டாம்.

பின்னேரம்தான் கடைக்குப் போக வேண்டும். பகல் முழுக்க நின்ற கால் வீங்கி இருக்கும், அந்தக் காலுக்குத்தான் சப்பாத்து வேண்டும். வேலைக்குப் போடுகிற தடித்த காலுறையையும் கொண்டு போங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது குறைவு. பெரிய காலுக்குப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டு வரக்கூடியதாக இருந்தால் அகலத்தையும் சேர்த்துச் சொல்லி விடுங்கள். அமெரிக்க ஆண்கள் அளவில் டி சாதாரண அகலம், ஈஈ அகலம், 4ஈ மிக அகலம். ஐரோப்பிய நிறுவனங்கள் சில 10, 11, 12, 14 என்று எண்ணில் போடும். எண் கூடக் கூட அகலம். கீன் என்ற அமெரிக்க நிறுவனம் இடது மூடியையும் வலது மூடியையும் அந்தந்தக் காலின் வளைவுக்கே செய்கிறது. விரல் விரிந்த காலுக்கு அது நல்ல யோசனை.

இனி, சப்பாத்து எவ்வளவு காலம் உழைக்கும் என்பது. எங்கள் பக்கம் சப்பாத்து சாவது பெரும்பாலும் அடியில்தான். பாரம் குறைந்த, மெத்தென்ற அடி பலவும் பியூ, அதாவது பொலியூரித்தேன். அதில் ஒரு வகை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே உடைந்து போகும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். வாவியும் கடலும் சுற்றிக் கிடக்கிற இந்த ஊரில் அதற்கு இரண்டும் தாராளம். போடாமல் பெட்டியில் வைத்தாலும் நடக்கும். மேலே தோல் புதிதாக மினுங்கும், சைட்டுக்குப் போட்டுப் போன அன்றே அடி பாளம் பாளமாகக் கழன்று விழும். ஆகவே வாங்கும்போது உற்பத்தித் திகதியைத் தேடுங்கள். தரத்துக்குச் செய்த சப்பாத்தில் நாக்கின் உள்பக்க லேபிளிலோ அடியிலோ ஆண்டும் மாதமும் அல்லது காலாண்டும் இருக்கும். கழிவு விலையில் தள்ளுகிற பழைய ஸ்டொக்கில் கட்டாயம் பாருங்கள். மூன்று நாலு வருடம் கடையில் கிடந்த பியூ அடியை நான் எடுக்க மாட்டேன்.

நைத்திரைல் இறப்பர் அடி பாரம்தான், ஆனாலும் நீடிக்கும். வெல்டிங் ஆட்களுக்கு அதுதான் சரி. எச்ஆர்ஓ என்று போட்டிருந்தால் 300 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் பரீட்சித்தது என்று அர்த்தம். ஆனால் கீழே இறப்பர், நடுவில் பியூ என்று வருவதும் உண்டு. நடு அடுக்கு உடைந்தாலும் கதை முடிந்தது. சுற்றித் தைத்த, குட்இயர் வெல்ட் என்ற தையல் முறைச் சப்பாத்துக்கு அடி தேய்ந்தால் புது அடி போடலாம். ஒட்டி வார்த்ததற்குப் போட முடியாது.

அதே தரத்தில் சப்பாத்தின் பாதுகாப்பு வகையைக் காட்டுகிற எஸ்1, எஸ்1பி, எஸ்3 என்ற குறியீடுகளில் ஆணி கிடக்கிற சைட்டுக்கு எஸ்3 எடுங்கள்: ஆணி ஏறாத நடுத்தகடு, மேல்தோல் எளிதில் தண்ணீர் விடாது, அடியில் பிடிமானக் கட்டைகள். வெறும் எஸ்1 இல் அந்தத் தகடு இல்லை. கொங்கிறீட் ஊற்றுகிற நாளில் மட்டும் தோல் சப்பாத்து வேண்டாம். ஈரச் சீமெந்தின் காரம் தோலையும் தின்னும், காலையும் புண்ணாக்கும். அதற்கு விரல் மூடியும் அடித்தகடும் உள்ள எஸ்5 கம்பூட்ஸ் இருக்கிறது.

நனைந்த சப்பாத்தை அடுப்படியில் வைக்காதீங்க, உச்சி வெயிலிலும் வைக்காதீங்க. இன்சோலைக் கழற்றி, பழைய பேப்பரை உருட்டித் திணித்து, நிழலில் காற்றுப்பட வையுங்கள். உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் துடையுங்கள். வசதி இருந்தால் இரண்டு சோடி வைத்து மாறி மாறிப் போடுவது நல்லது. கடிக்கிற இடத்தைக் கத்தியால் வெட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். மூடிக்குப் பின்னால் நெருக்கினால் சப்பாத்து தைக்கிறவரிடம் கொடுத்து அச்சில் போட்டு அகட்டலாம். பாரமான சாமான் ஒன்று மூடியில் விழுந்தால், வெளியே நெளிவு தெரியாவிட்டாலும் அந்தச் சப்பாத்தை மாற்ற வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் தயவுசெய்து “எனக்கு ஒன்றும் கடிக்கவில்லை” என்பதை நம்பாதீங்க. கால் மரத்துப் போயிருந்தால் கடி தெரியாது. புதுச் சப்பாத்து போட்ட நாட்களில் ஒவ்வொரு இரவும் விரலிடுக்கு, சின்ன விரல் ஓரம், குதி எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு இடம் சிவந்திருந்தாலும் அடுத்த நாள் அதைப் போடாதீங்க.

சப்பாத்து கொந்தராத்துக்காரர் வாங்கித் தருவது என்றால் வெறும் நம்பரை மட்டும் எழுதிக் கொடுக்காமல், அட்டையில் கீறிய கால் அளவையும் சேர்த்துக் கொடுங்கள். மொத்தமாக எடுக்கிறவர்களுக்கு அகலம் என்று ஒன்று இருப்பதே பல நேரம் ஞாபகத்தில் இருப்பதில்லை. அட்டையைக் கையில் கொடுத்தால் கடையில் வைத்துப் பார்த்தே எடுத்து வருவார்கள்.