குழந்தைகள் இல்லாத டூர், குற்ற உணர்ச்சி: ஒரு கடிதம்

அன்புள்ள மேடம்,

எனக்கு 59 வயசு. 31 வருஷம் ஜியாக்ரஃபி டீச்சரா இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன். கணவர் தவறி 4 வருஷம் ஆச்சு. ஆண்டிஸ் மலைத்தொடரை போர்டுல எத்தனை தடவை வரைஞ்சிருப்பேன்னு கணக்கே இல்ல, ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும். பெருவுக்கு 10 நாள் டூர் ஒண்ணு பாத்தேன், மொத்தம் 16 பேர், கூடவே கைடு, பெரியவங்க மட்டும். "குழந்தைங்களே வேண்டாம்னு சொல்ற டூருக்கா போற, பேரனையும் கூட்டிட்டு எல்லாரும் ஒருநாள் போலாமே"ன்னு பொண்ணு கேட்டா. அதுலேந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. அதோட எனக்கு மூட்டு வலி வேற. முன்ன பின்ன தெரியாத 15 பேருக்கு பாரமா ஆயிடுவேனோன்னு பயம். நீங்க இந்த மாதிரி டூர் போயிருக்கீங்களே, என்ன சொல்றீங்க?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

அன்புள்ள அக்கா,

போங்க. பேரனோடவும் ஒருநாள் போங்க, அது வேற பயணம், இது வேற பயணம். ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணுன்னு நினைக்கறதுலதான் அந்த குற்ற உணர்ச்சியே வருது.

நான் முதல்ல போனது எல்லா வயசுக்காரங்களும் வந்த டூர். அதுல ஒரு சின்னப் பையன் இருந்தான், நல்ல பையன், அவன் மேல எந்தத் தப்பும் இல்ல, ஆயிரம் வருஷத்துக் கல்லை வெயில்ல நின்னு பாருன்னா எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும். ஆனா அவனோட அப்பா அம்மா போட்டோ எடுக்கப் போறப்ப எல்லாம் அவன் கை யார் கையில இருந்துதுன்னா என் கையில, ஏன்னா அந்த குரூப்புல அம்மா வயசுல தனியா வந்தவ நான் ஒருத்திதான், யாரும் கேக்கக்கூட இல்ல, தானா நடந்துச்சு. கைடு சொன்னதுல பாதி எனக்குக் காதுலயே விழல. ஊருக்குத் திரும்பினப்புறம்தான் புரிஞ்சுது, அத்தனை தூரம் போயும் வீட்ல செய்ற வேலையைத்தான் செஞ்சிருக்கேன்னு. 31 வருஷம் அடுத்தவங்க குழந்தைங்களைப் பாத்துக்கிட்டவங்க நீங்க. 10 நாள் யாரையும் எண்ணிப் பாக்காம பஸ்ல ஏறலாம். பெரியவங்க மட்டும் போற டூர்ல எனக்குப் பெருசா தெரிஞ்சது அதுதான், அமைதி எல்லாம் அப்புறம்தான் (நேரத்துக்கு வராத பெரியவங்க எல்லா குரூப்லயும் ரெண்டு பேர் இருப்பாங்க, அதுக்குத் தயாரா போங்க).

வயசு வரம்புன்னாலே குழந்தைங்களை வெறுக்கறதுன்னு அர்த்தம் இல்ல. உகாண்டாவுலயும் ருவாண்டாவுலயும் மலை கொரில்லாவைப் பாக்க 15 வயசு முடிஞ்சிருக்கணும், ஒரு கொரில்லா குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 8 பேர்தான், அதுவும் ஒரு மணி நேரம்தான். கம்போடியாவுல அங்கோர் வாட் கோவிலோட உச்சி கோபுரத்துக்கு 12 வயசுக்குக் கீழ அனுமதியே கிடையாது, படிக்கட்டு அவ்வளவு செங்குத்து. 1975ல அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல எல்டர்ஹாஸ்டல்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, வயசானவங்க மட்டும் காலேஜ் ஹாஸ்டல்ல தங்கி வகுப்புல உக்காந்து படிக்கறதுக்கு, முதல் கோடையில 220 பேர் வந்தாங்களாம், அதுதான் வளந்து இப்ப ரோட் ஸ்காலர்ங்கற பேர்ல உலகம் பூரா டூர் நடத்துது. ரிட்டயர் ஆன டீச்சர் மறுபடியும் மாணவியா போறது தப்பா என்ன?

ஆனா ஒரு விஷயத்துல கண்ணை நல்லா திறந்து வச்சுக்கோங்க. "பெரியவங்க மட்டும்"ங்கறது யாரு வர மாட்டாங்கன்னு மட்டும்தான் சொல்லுது, டூர் எப்படிப் போகும்னு சொல்லாது. 18 வயசுக்கு மேலன்னாலும் அது பெரியவங்கதான், 1962லேந்து 18 முதல் 35 வயசுக்குன்னே டூர் நடத்தற கம்பெனியும் இருக்கு. அதனால சராசரி வயசு என்னன்னு நேரடியா கேளுங்க.

அப்புறம் ஐட்டினரரியை (எந்த நாள் எந்த ஊர்னு போட்டிருக்கற பயணத் திட்டம்) எடுத்து ஒரு ஹோட்டல்ல எத்தனை ராத்திரின்னு எண்ணுங்க. நான் ரெண்டாவதா போனது பெரியவங்க மட்டும் போற டூர்தான், 9 ராத்திரிக்கு 7 ஹோட்டல், கிட்டத்தட்ட தினமும் காலைல 6 மணிக்குப் பெட்டியை ரூம் வாசல்ல வச்சாகணும், குழந்தை ஒண்ணுகூட இல்லாமலே எல்லாரும் களைச்சுப் போயிட்டோம். மூணாவது டூர்ல ஒரே இடத்துல 3 ராத்திரி தங்கினோம், அங்கதான் சாயங்காலம் உக்காந்து பேசவே நேரம் கெடச்சுது, இன்னிக்கும் பேசிட்டிருக்கற ரெண்டு தோழிங்க அந்த மூணு ராத்திரியில கெடச்சவங்கதான்.

பெருவுக்கு இது இன்னும் முக்கியம். லிமா கடலோரம், அங்கேந்து ஒன்றரை மணி நேர ஃப்ளைட்ல குஸ்கோ, சுமார் 3,400 மீட்டர் உயரம், திடீர்னு அவ்வளவு உயரத்துல போய் இறங்கினா உடம்புக்கு ஒத்துக்காது. எல்லாரும் பாக்கப் போற பழைய இன்கா நகரம் மச்சு பிச்சு அதைவிடக் கீழதான், 2,430 மீட்டர், உங்களுக்குத் தெரியாததா. அதனால இறங்கின அன்னிக்கே குஸ்கோவுல சுத்திக் காட்டறதா போட்டிருந்தா எனக்கு அந்த டூர் வேண்டாம். இறங்கினதும் நேரா உருபாம்பா பள்ளத்தாக்குக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு ராத்திரி தங்க வைக்கறாங்களான்னு பாருங்க, அங்க உயரம் குறைவு, உடம்பு பழகிக்கும். ஆப்ஷனல்னு சொல்லி ரெயின்போ மவுன்டன் வச்சிருப்பாங்க, அது 5,000 மீட்டருக்கு மேல, எல்லாரும் போறாங்களேன்னு நீங்களும் கிளம்பிடாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க, இன்ஷூரன்ஸ்ல அந்த உயரமும் ஏர் ஆம்புலன்ஸும் அடங்குதான்னு கேட்டுக்கோங்க.

மூட்டு வலி பத்தி. மச்சு பிச்சு பூரா கல் படி, ஒண்ணு முழங்கால் உயரம் ஒண்ணு சாண் உயரம்னு இருக்கும். ஒருவழிப் பாதைங்கறதால நடுவுல மனசு மாறித் திரும்ப முடியாது, உள்ள டாய்லெட்டும் கிடையாது, வாசல்லயே போயிட்டு வந்துடணும். அதனால கம்பெனி உங்களுக்கு எந்த சர்க்யூட்டுக்கு (உள்ள சுத்தி வர்ற பாதைக்கு) டிக்கெட் எடுக்கறாங்கன்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க, எல்லாம் ஒரே அளவு ஏத்தம் இல்ல. ரப்பர் மூடி போட்ட ஊன்றுகோலுக்கு வயசானவங்களுக்கு அனுமதி உண்டு. மூட்டு வலியை மறைக்காம ஃபார்ம்லயே எழுதிடுங்க. கைடுக்கு முன்னாடியே தெரிஞ்சா அது பாரம் இல்ல, நடு வழியில தெரிஞ்சாதான் எல்லாருக்கும் கஷ்டம். அதோட அந்த 16 பேர்ல முட்டி வலி உங்களுக்கு மட்டும்தான் இருக்கும்னு நினைக்கறீங்களா?

பணத்துல ஒரு விஷயம். விலை எப்பவுமே ரெண்டு பேர் ஒரு ரூம்ங்கற கணக்குல போட்டிருக்கும், தனி ரூம் வேணும்னா சிங்கிள் சப்ளிமென்ட்னு கூடுதல் பணம் கட்டணும். முடிஞ்சா கட்டிடுங்க. பகல் பூரா கூட்டத்தோட இருந்துட்டு ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் தனியா இருக்கணும், இல்லன்னா அஞ்சாவது நாள் யார் முகத்தையும் பாக்கப் பிடிக்காது. அதே மாதிரி ஆள் சேரலன்னா டூர் கேன்சல் ஆகும், ஐரோப்பிய யூனியன் சட்டப்படி 6 நாளுக்கு மேல போற டூர்னா கடைசியா 20 நாள் முன்னாடியாவது சொல்லிடணும், உங்க கம்பெனி கண்டிஷன்ல எத்தனை நாள்னு படிச்சுப் பாருங்க, உறுதின்னு மெயில் வர்ற வரைக்கும் ஃப்ளைட் டிக்கெட் எடுக்காதீங்க.

பொண்ணுகிட்ட இந்தப் பதிலைக் காட்டுங்க. அவ கேட்டதும் பாசத்துலதான், நீங்க தனியா கிளம்பறது அவளுக்குத்தான் பயமா இருக்கும்னு தோணுது. ஐட்டினரரியை அவளோட உக்காந்து படிங்க, ராத்திரிகளை அவளையே எண்ணச் சொல்லுங்க. சராசரி வயசு, முதல் ரெண்டு ராத்திரி எந்த உயரத்துல, எந்த சர்க்யூட், இந்த மூணையும் கம்பெனிக்கு இன்னிக்கே மெயில் போடுங்க. பதில் வந்ததும் எனக்கும் அனுப்புங்க, சேந்து பாப்போம்.