அப்பாவின் துப்பாக்கி இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

கேள்வி: என் தந்தை உரிமத்தோடு இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அவர் காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்டு விண்ணப்பித்தேன். பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கும் என் தம்பி ஆட்சேபித்தான். காவல்துறை அறிக்கையைக் காட்டி மாவட்ட ஆட்சியர் மறுத்துவிட்டார். என் மீது ஒரு வழக்குகூடக் கிடையாது. துப்பாக்கியை மாதம் ஒருமுறை துடைத்து, எண்ணெய் போட்டு, தோட்டாக்களோடு பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இது குடிமகனின் உரிமை. இங்கே மறுப்பது நியாயமான கட்டுப்பாடா? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் தம்பிக்கு மூன்று பக்கம், அமெரிக்காவுக்கு அரைப் பக்கம். எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: துப்பாக்கி பீரோவில் இருக்கிறது.

முதலில் அமெரிக்காவை முடித்துவிடுவோம். ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்ற கேள்வி, அடிப்படை உரிமை ஒன்று இருந்தால்தான் எழும். நம் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு கூடும் உரிமையைத் தரும்போதே ‘ஆயுதமின்றி’ என்று சேர்த்துத்தான் தருகிறது. ஆயுதம் வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது உண்மை. அப்படியோர் உரிமை இந்தியாவில் யாருக்கும் தரப்படவில்லை என்று, அந்த நாட்டோடு ஒப்பிட்டே, நம் உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது, மறுப்புக்கு ஆட்சியர் எழுதிய காரணம் ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்குள் நிற்குமா என்பது மட்டுமே. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ என்ன பங்கம் என்று சொல்லாமல், தம்பியின் ஆட்சேபத்தை மட்டும் காட்டியிருந்தால் அது பலவீனமான உத்தரவுதான். அதை மேல்முறையீட்டில் சொல்லுங்கள். கெடு 30 நாள். உத்தரவு எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மேல்முறையீட்டைத் தாண்டி ரிட் போட்டால், பெரும்பாலும் முதலில் அங்கே போய்விட்டு வரச் சொல்வார்கள்.

ஆனால் ரிட் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. தந்தையின் உரிமம் தந்தையோடு முடிந்தது. உரிமப் புத்தகத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி என்று காட்டிக்கொண்டு வரும் கட்சிக்காரர்கள் உண்டு. அந்தத் தேதிக்கு இப்போது எந்த மதிப்பும் இல்லை. விண்ணப்பித்த ரசீதும் உரிமம் ஆகாது. உரிமம் பெற்றவர் இறந்தால், வீண் தாமதமின்றி ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. நீங்கள் பதினான்கு மாதமாக எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாமல் வீட்டில் கிடந்தது என்று வாதிடும் வழியையும் அந்த எண்ணெய் அடைத்துவிடுகிறது. உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. வழக்குத் தொடர மாவட்ட நிர்வாக நடுவரின், அதாவது நீங்கள் காட்டமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் அதே ஆட்சியரின் அனுமதி வேண்டும். ரிட் மனுவோடு சத்தியம் செய்து தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் ‘துப்பாக்கி என் வசம் உள்ளது’ என்று எழுதினால், அரசுத் தரப்புக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

தோட்டாக்களையும் மறக்காதீர்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, மேஜை இழுப்பறையில் நாலைந்து தோட்டாவை விட்டுவைத்து மாட்டிக்கொண்டவரை எனக்குத் தெரியும். தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். இன்னொன்று, தம்பியோடு சண்டை வரும்போது ‘அப்பா துப்பாக்கி இங்கேதான் இருக்கிறது’ என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். இந்தக் காலத்தில் எல்லார் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஆட்சியர் எழுதத் தவறிய காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். ஒரு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொண்டு, தந்தை இறந்த தேதி, தாமதத்தின் காரணம், ஆயுத எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். எப்படி ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்லட்டும். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். தானாக வந்து ஒப்படைத்தவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் எந்த நீதிமன்றமும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

பிறகு தம்பியோடு பேசி முடியுங்கள். குடும்ப கௌரவம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வாரிசு உரிமம் கேட்டால் மற்ற வாரிசுகளின் சம்மதத்தை அதிகாரிகள் கேட்பார்கள். தம்பி கையெழுத்துப் போடாதவரை உங்கள் கோப்பு நகராது. பாகப்பிரிவினைச் சமரசத்தில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். அவர் சம்மதக் கடிதம் தரட்டும், அல்லது அனுமதி பெற்று வியாபாரியிடம் விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இரண்டுக்கும் வராமல் இழுத்தடித்தால் ஒப்படைத்த இடத்திலேயே கிடக்கட்டும். ஆனால் அதற்கும் காலவரம்பு உண்டு, தாண்டினால் அரசு பறிமுதல் செய்யலாம். ரசீது வாங்கும்போதே அந்தத் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.