கோல்ஃப் ஆடினவர் டிவில அனலிஸ்ட் ஆனா என்னதான் பண்ணுவார்?

அனலிஸ்ட்னா ஸ்கோர் சொல்றவர் இல்லங்க, ஒரு ஷாட் ஏன் அப்படி போச்சுன்னு சொல்றவர். கோல்ஃப்ல பந்தை அடிக்கிறது ரெண்டு செகண்ட்தான், மத்த நேரமெல்லாம் காத்து எந்தப் பக்கம், எந்த கிளப் (பந்தை அடிக்கிற மட்டை) எடுக்கறதுன்னு யோசனை, அந்த யோசனை ஆடிப் பார்த்தவங்களுக்குத்தான் புரியும். பழைய பஸ் டிரைவர் முன் சீட்ல உக்காந்தா இன்ஜின் சத்தத்த வச்சே வண்டி மேடு ஏறுமா திணறுமான்னு சொல்லிடுவார்ல, அதே மாதிரி.

அமெரிக்காவோட கோல்ஃப் வீரர் கென் வெஞ்சுரிய எடுத்துக்கோங்க, 1964 யூஎஸ் ஓபன் கோல்ஃப் போட்டில கடைசி நாள் மட்டும் 36 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி), கொளுத்துற வெயில், டாக்டர் ஆட வேணாம்னு எச்சரிச்சும் தள்ளாடிட்டே ஆடி ஜெயிச்சார். அப்புறம் கை நரம்புப் பிரச்னை வந்து ஆட்டம் போச்சு, சிபிஎஸ் டிவில 35 வருஷம் பேசினார். சின்ன வயசுல அவருக்கு திக்குவாய்! நினைச்சாலே சிலிர்க்குது.

ஆடத் தெரியாதவங்கதான் மைக் பிடிக்கிறாங்கன்னு சிலர் நினைக்கிறாங்க, அது தப்பு, இவர் சாம்பியன்.