சால்மன் ஆற்றில் முதல் படகு: முன்னே தள்ளாதீர்கள், பின்னே வலியுங்கள்

கேள்வி: அண்ணா, நான் ஆரிகனில் ஹில்ஸ்பரோவில் இருக்கிறேன். 16 அடி அலுமினிய டிரிஃப்ட் போட் (ஆற்றோட்டத்தோடு மிதந்து போகும் துடுப்புப் படகு) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். ஹேக் ஏரியில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன், நேராகப் போகிறது. அடுத்த மாதம் சீனுக் சால்மன் ஏறத் தொடங்கும் என்கிறார்கள். மனைவியையும் 9 வயது மகளையும் கூட்டிக்கொண்டு வில்சன் ஆற்றில் இறங்கலாமா? வீடியோ பார்த்தே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: தம்பி, உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த மாதம் வில்சன் வேண்டாம். மனைவி, மகளோடு முதல் பயணம் எந்த ஆற்றிலும் வேண்டாம். முதல் நாலைந்து தடவை, நீச்சல் தெரிந்த, உடல்பலம் உள்ள நண்பர் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஏரியில் ஓட்டியதைக் குறை சொல்லவில்லை. துடுப்பு கைக்குப் பழகியிருக்கும். ஆனால் ஏரி கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்தை ஆற்றில் மறக்க வேண்டியிருக்கும். ஏரியில் நாம் துடுப்பு வலித்தால்தான் படகு நகரும். ஆற்றில் தண்ணீரே அதை நகர்த்திவிடும். அங்கே துடுப்பின் முதல் வேலை படகின் வேகத்தைக் குறைப்பது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

டிரிஃப்ட் போட்டில் ஆறு போகும் திசையைப் பார்த்தபடி உட்காருகிறோம். முன்னால் இருக்கும் பாறை, விழுந்த மரம், அலை எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். அந்த ஆபத்தைப் பார்த்துக்கொண்டே, அதிலிருந்து விலகிப் பின்னோக்கி வலிக்கிறோம். இது ஆரம்பத்திலிருந்தே இருந்த முறை அல்ல. 1869-ல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வாளரின் குழு கொலராடோ ஆற்றில் இறங்கியபோது, துடுப்பு போட்டவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆற்றைவிட வேகமாகப் போக முயன்றார்கள். பாறை வருவது அவர்கள் கண்ணில் படவில்லை. 1890-களில் யூட்டாவைச் சேர்ந்த நாதனியேல் கேலவே என்ற வேட்டைக்காரர்தான் திரும்பி உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டும் முறையைப் பிரபலமாக்கினார். பிறகு ஆரிகனின் மெக்கென்சி ஆற்றில், யூஜீன் பகுதிப் படகுத் தச்சர்கள் டார்க்கல் கார்ஹஸ், வுடி ஹிண்ட்மன் போன்றவர்கள் இந்த முறைக்கு ஏற்ற படகைச் செய்து செய்து மெருகேற்றினார்கள். உங்கள் படகின் அடியைப் பாருங்கள், தொட்டில் போல முன்னும் பின்னும் மேலே வளைந்திருக்கும். அடியில் நீளவாக்கில் புடைத்து ஓடும் கீல் என்ற பகுதியும் கிடையாது. நடுப்பகுதி மட்டும் தண்ணீரில் அமர்வதால் ஒரே இழுப்பில் படகு நின்ற இடத்தில் திரும்பும். ஏரியில் காற்றடித்தபோது மூக்கு இழுத்துக்கொண்டு போயிருக்குமே, அதுவும் இதே வளைவால்தான்.

நம் கடற்கரைகளில் துடுப்பைத் தண்டு என்பார்கள், படகு ஓட்டுவதைத் தண்டு வலிப்பது என்பார்கள். அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள். வலிப்பதற்குக் காலும் முதுகும் துணை வரும். தள்ளுவதற்குத் தோளும் கையும் மட்டும்தான். பதற்றத்தில் புதியவர்கள் எல்லோரும் செய்வது முன்னே தள்ளுவது. பாறைக்கு இந்தப் பக்கமாகச் சீக்கிரம் போய்விடலாம் என்று மனசு சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாறை 60 மீட்டர் தூரத்தில், தண்ணீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில். சும்மா இருந்தால் 30 வினாடியில் பாறை. வலித்து வேகத்தைப் பாதியாக்கினால் 60 வினாடி கிடைக்கும். தள்ளினால் 30-க்கும் குறைவு.

எனக்கு இதைப் புரியவைத்தது ஓர் ஆரஞ்சுப் பழம். கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், கூட வந்த வயதான கைடு சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துப் படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் போட்டார். "அது உனக்கு முன்னால் போகட்டும். நீ பின்னாலேயே இரு" என்றார், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் பழம் என் முழங்கைக்கு நேராக மிதந்துகொண்டிருந்தது. வலிப்பதாக நினைத்துக்கொண்டு சும்மா துடுப்பை நனைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காலைக் கம்பியில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, சின்னச் சின்னதாக, நிறுத்தாமல் வலித்த பிறகுதான் அது மெல்ல விலகி, மூக்கைத் தாண்டி, ஆரஞ்சுப் புள்ளியாகக் கீழே போனது. அன்று முழுக்க அந்தப் பழத்தைத் துரத்திப் பிடிப்பதும் விடுவதும்தான் பாடம். நீங்களும் செய்து பாருங்கள்.

அடுத்தது குறுக்கே நகர்வது. இதை ஃபெரி என்பார்கள். எதிரே வலப்பக்கம் பாறை இருக்கிறது, நீங்கள் இடப்பக்கம் போக வேண்டும். வலக்கைத் துடுப்பை மட்டும் ஓர் இழுப்பு இழுங்கள். படகின் மூக்கு வலப்பக்கம், பாறையை நோக்கித் திரும்பும், பின்புறம் இடப்பக்கம் பார்க்கும். இப்போது இரண்டையும் சேர்த்து வலியுங்கள். படகு பின்னோக்கி, இடப்பக்கமாக நழுவிப் போகும். மூக்கைப் பாறைக்கே காட்டுவது முதலில் பயமாகத்தான் இருக்கும். ஆனால் வழி அதுதான்: மூக்கு ஆபத்தைப் பார்க்க வேண்டும், முதுகு நீங்கள் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். சாய்வு 45 டிகிரி போதும், வேகமான தண்ணீரில் 30. அதற்கு மேல் திரும்பினால் படகு ஆற்றுக்குக் குறுக்கே படுத்துவிடும், பாறையில் பக்கவாட்டில் மோதும். இன்னொன்று, இந்தச் சாய்வைக் கரையை வைத்து அளக்காதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அளக்க வேண்டும். வளைவுகளில் தண்ணீர் கரையோடு ஓடாது, வெளிக்கரையை நோக்கிப் பாயும். அங்கேதான் மரங்கள் விழுந்து கிடக்கும். அதனால் வளைவு தொடங்கும் முன்பே பின்புறத்தை உள்கரைக்குத் திருப்பி வைத்து, வலித்துக்கொண்டே நுழையுங்கள்.

துடுப்பு ஆழமாகப் போக வேண்டாம், அதன் தட்டையான அலகு மூழ்கினால் போதும். ஆழமில்லாத இடத்தில், படகு போகும் பக்கத்துத் துடுப்பு பாறையில் மாட்டினால் கைப்பிடி விலா எலும்பில் வந்து குத்தும். அப்படி எனக்கு மூன்று வாரம் வலது பக்கமாகப் படுக்க முடியாமல் போயிற்று. கூடுதலாக ஒரு துடுப்பு எப்போதும் படகில் இருக்கட்டும், எட்டி எடுக்கிற இடத்தில்.

ஆற்றைப் படிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதைக் கண்ணால் பார்த்துத்தான் கற்க வேண்டும். தண்ணீரில் அம்புக்குறி போல ஒரு வடிவம் தெரியும். அதன் முனை ஆறு போகும் திசையை நோக்கி இருந்தால் அது வழி, முனை உங்களை நோக்கி இருந்தால் அங்கே ஒரு பாறை மறைந்திருக்கிறது. எதிரே ஆறு ஒரு கோட்டோடு முடிந்துபோனது போலத் தெரிந்தால் படகைக் கரையில் ஒதுக்கி, இறங்கி நடந்துபோய்ப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். முப்பது வருடம் ஓட்டியவர்களும் இறங்கிப் பார்க்கிறார்கள்.

பாறையைவிட நான் அஞ்சுவது மரத்தை. கரையிலிருந்து விழுந்து தண்ணீரில் கிடக்கும் மரத்தை ஸ்ட்ரெய்னர் என்கிறார்கள், வடிகட்டி. டீ வடிகட்டியில் டீ இறங்கிவிடும், தூள் நின்றுவிடும் இல்லையா, அதேதான். தண்ணீர் கிளைகளுக்குள் போய்விடும், படகும் ஆளும் போக முடியாது. ஆறு முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் புது மரம் வந்து கிடக்கும், போன வருடம் போன வழி இந்த வருடம் இருக்காது. தண்ணீரில் விழுந்து மரத்தை நோக்கிப் போகிறீர்கள், தப்ப வழியில்லை என்றால், காலை நீட்டிக்கொண்டு மிதக்காதீர்கள். குப்புறத் திரும்பி மரத்தை நோக்கி வேகமாக நீந்தி, அதன்மேல் தாவி ஏறுங்கள். மற்ற இடங்களில் மல்லாந்து, கால் ஆறு ஓடும் திசையில். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது, கால் பாறை இடுக்கில் மாட்டினால் ஆறு உங்களை மடக்கிப் போட்டுவிடும்.

படகு பாறையில் பக்கவாட்டில் சாத்திக்கொண்டால் எல்லோரும் பாறைப் பக்கமே சாய வேண்டும். உள்ளுணர்வு எதிர்ப்பக்கம் போகச் சொல்லும். அப்படிப் போனால் மேல்நீர்ப் பக்கத்து விளிம்பு தாழ்ந்து, சில வினாடிகளில் படகு நிறைந்துவிடும். ஏறும்போதே இதைச் சொல்லி வையுங்கள். அலுமினியம் பாறையில் உரசி நின்றுவிடும் குணம் உள்ளது. பலர் அடியில் வழுக்கும் பூச்சு பூசுகிறார்கள், நீங்களும் பூசுங்கள்.

பின்னால் தொங்கும் நங்கூரத்தை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பார்க்கச் சாதுவாக இருக்கிற 30 பவுண்டு ஈயம்தான். வேகமான நடு ஆற்றில் அதைப் போட்டால் கயிறு விறைத்து, படகின் பின்புறத்தைக் கீழே இழுக்கும், தண்ணீர் பின்விளிம்பு வழியாக உள்ளே பாயும். நங்கூரம் மெதுவான தண்ணீரில் மட்டும். கயிற்றின் உள்முனையில் முடிச்சு போடாமல் விடுங்கள், ஆபத்தில் முழுக் கயிறும் உருவி ஓடிப் போகட்டும். கைக்கெட்டும் தூரத்தில் கத்தி இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபர், நவம்பரில் ஆழமில்லாத கூழாங்கல் பரப்பில் சில இடங்கள் துடைத்து வைத்தது போல வெளுப்பாகத் தெரியும். பெண் சால்மன் வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையிட்ட இடம் அது. அதன்மேல் நங்கூரத்தை இழுத்தால் நசுங்குவது வரப்போகிற தலைமுறை. தயவுசெய்து அதில் நடக்கக்கூட வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், எப்போதும். ஆரிகன் சட்டப்படி 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ஓடும் படகில் போட்டே ஆக வேண்டும். ஆற்று அலைகளின் கடுமையை வகுப்புகளாகப் பிரிப்பார்கள், அதில் மூன்றாம் வகுப்பும் அதற்கு மேலுமான அலைகளில் பெரியவர்களும் போட வேண்டும். காற்று நிரப்பும் வகையைவிட நுரை வகையே ஆற்றுக்கு நல்லது. தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கப் போடும் நீர்புகாத உடையான வேடரில் தண்ணீர் புகுந்தால் அடியில் இழுத்துவிடும் என்பார்கள். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை, அது இழுக்காது. ஆனால் நீந்தவும் கரையேறவும் விடாது. இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள்.

சரி, எங்கே கற்பது? உங்கள் வீட்டிலிருந்து போகிற தூரத்தில் கிளாக்கமஸ் ஆற்றில் பார்ட்டன் பூங்காவிலிருந்து கார்வர் வரை. இறங்குதளம் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும், அலைகள் சிறியவை. கோடையில் டியூபில் மிதப்பவர்கள் கூட்டம் அதிகம், வார நாள் காலையில் போங்கள். கிளம்பும் முன் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் இணையதளத்தில் கிளாக்கமஸின் நீரோட்டத்தைக் காட்டும் எஸ்டகாடா அளவுமானியைப் பாருங்கள். மேட்டூர் செய்தியில் கேட்ட அதே 'வினாடிக்கு இத்தனை கன அடி' கணக்குதான். கற்பவருக்கு 1,000 முதல் 2,000 கன அடிக்குள் இருப்பது எனக்குத் திருப்தி. மழைக்குப் பின் எண் ஏறிக்கொண்டே இருந்தால், எவ்வளவு இருந்தாலும் வீட்டிலேயே இருங்கள்.

வீடியோ உதவும், ஆனால் உங்கள் கை செய்யும் தவறு அதற்குத் தெரியாது. உரிமம் பெற்ற கைடு ஒருவரை ஒரு நாள் அமர்த்தி, "மீன் வேண்டாம், துடுப்பு கற்றுக்கொடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மிக நல்ல செலவு அது. சீனுக் பிடிப்பதற்கும் இதுதான் பாதை. ஆற்றைவிட மெதுவாகப் படகைப் பிடித்து நிறுத்தி, பொய்மீனை மீன் தங்கும் ஆழமான மடுவுக்குள் மெல்ல இறக்குவதுதான் அங்கே பெரிய உத்தி. மீனைப் பிடிப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பார், பிடித்துக்கொடுப்பவர் துடுப்பில் இருப்பார். கிளாக்கமஸில் பத்து தடவை ஓட்டிய பிறகு, அடுத்த வருடம் வில்சனின் கீழ்ப்பகுதிக்கு, மில்ஸ் பாலத்திலிருந்து சாலி ஸ்மித் பாலம் வரை, தெரிந்த ஒருவரோடு போங்கள். மகளை அதற்குப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். மேல்பகுதி பெரும் பாறைகளும் ஒடுக்கமும் உள்ளது, அதை மறந்துவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள். உங்கள் படகுக்கு ஆரிகனின் வாட்டர்வே ஆக்சஸ் பெர்மிட் வேண்டும். மீன்பிடிக்கும்போது உரிமத்தோடு சால்மனுக்கான டேக்கும் (பிடித்த மீனைப் பதியும் அனுமதி) வேண்டும். பயணம் முடியும் இறங்குதளத்தில் முன்பே நிறுத்திய வண்டியின் சாவி படகில் உங்களோடு வர வேண்டும், கிளம்பிய இடத்தில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டு வந்தால் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை. ஆற்றை விட்டுக் கிளம்பும்போது அடியிலுள்ள வடிகால் பிளக்கைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. திறந்த பிளக்கை நான் ஓட்டுநர் இருக்கைப் பக்கத்துக் கோப்பைத் தாங்கியில் வைத்துவிடுவேன். அடுத்த முறை படகை இறக்கப் பின்னோக்கி வண்டியை எடுக்கும்போது அது அங்கே கண்ணில் படும்.