இருபத்தைந்து ஆண்டு கடந்த ‘பால்டர்ஸ் கேட்’: இன்று வாங்கலாமா?

கேள்வி: ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டை இருமுறை முடித்துவிட்டேன். அதே ஆர்வத்தில் முதல் பாகத்தை வாங்க நினைத்து, விளையாடியவர்களின் கருத்துகளைப் படித்தபோது குழப்பமே மிஞ்சியது. இதைப் போன்ற ஒன்று பிறகு வரவேயில்லை என்கிறார் ஒருவர். ஒரு மணி நேரத்தில் பத்து முறை செத்தேன், பணம் வீண் என்கிறார் இன்னொருவர். யாரை நம்பி வாங்குவது?

பதில்: இருவருமே உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் அறுபது எழுபது மணி நேரம் கடந்து, கதையின் முழு வட்டத்தையும் பார்த்தபின் எழுதுகிறார். மற்றவர் முதல் இரண்டு மணி நேரத்தை வைத்து எழுதுகிறார். இந்த விளையாட்டில் அந்த இரண்டுக்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. ஆகவே எந்தக் கருத்தைப் படித்தாலும், எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார், எந்தப் பதிப்பை விளையாடினார், எந்தக் கடின நிலையில் விளையாடினார் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். இணையத்தில் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையில் ஒவ்வொரு கருத்தின் மேலேயும் விளையாடிய நேரம் அச்சிடப்பட்டிருக்கும்.

தொடக்கம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கனடாவின் எட்மன்டன் நகரில் இயங்கும் பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 1998 டிசம்பரில் வெளிவந்த இந்த விளையாட்டு, ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளைப் பின்பற்றுகிறது. அதில் ஒவ்வொரு அடியும் இருபது முகப் பகடையால் தீர்மானிக்கப்படுகிறது. முதல் லெவலில், அதாவது வளர்ச்சியின் முதல் படியில், இருக்கும் போர்வீரனின் ‘தாக்கோ’ (அடி படுவதைக் கணக்கிடும் அடிப்படை எண்) 20. எதிரியின் கவச எண் 5 என்றால், 20-இலிருந்து 5-ஐக் கழித்து, பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் அடி படும். பலமோ ஆயுதமோ கூடுதல் புள்ளி தராதவரை, நூற்றில் முப்பது அடிகள்தாம் இலக்கைத் தொடும் என்பது இதன் பொருள். மந்திரவாதியின் நிலை இன்னும் பரிதாபம்: நான்கைந்து உயிர்ப் புள்ளிகளோடு, ஓய்வெடுக்கும் வரை ஒன்றிரண்டு மந்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு புறப்படுகிறார், வழியில் வரும் ஓர் ஓநாய் இரண்டே கடியில் அவரை வீழ்த்திவிடும். ‘நட்புக்கரம்’ என்று பொருள்படும் ஃபிரண்ட்லி ஆர்ம் விடுதிக்குத் தப்பிப் பிழைத்து வந்து சேர்ந்து, இனி நிம்மதி என்று நினைக்கும்போது, அதன் வாசற்படியிலேயே கூலிக் கொலைகாரன் ஒருவன் காத்திருக்கிறான். பாதகமாக எழுதப்பட்ட கருத்துகளில் பல இந்தப் படிக்கட்டோடு நின்றுவிடுவதை நீங்களே கவனிக்கலாம்.

சாதகமாக எழுதுபவர்கள் போற்றுவதும் இதே பலவீனத்தைத்தான். ஓநாய்க்கு அஞ்சி ஓடிய நம் குழுவின் அதே ஆறு பேர், நாஷ்கெல் சுரங்கத்தில் இரும்பு ஏன் கெட்டுப்போகிறது என்ற எளிய விசாரணையில் தொடங்கி, ஒரு பெருநகரத்தின் அதிகாரப் போட்டிக்குள் நுழைந்து நிமிரும்போது, அந்த வளர்ச்சி நம் உழைப்பாகவே தெரிகிறது. குழுவில் சேர்க்கத்தக்க தோழர்கள் அசல் பதிப்பிலேயே 25 பேர் இருக்கிறார்கள்; நாயகனோடு ஐவரை மட்டுமே அழைத்துச் செல்ல முடியும். நல்லவர்களையும் தீயவர்களையும் ஒன்றாகச் சேர்த்தால் வழியில் வாய்ச்சண்டை மூண்டு கைகலப்பில் முடியும். காலித், ஜஹீரா தம்பதியரில் ஒருவரை விலக்கினால் மற்றவரும் விலகிவிடுவார். நீங்கள் மூன்றாம் பாகத்தில் சந்தித்த ஜஹீராவும் மின்ஸ்க்கும் முதலில் அறிமுகமானது இங்கேதான். அவர்களை இளமையில் பார்ப்பதற்காகவே இதை வாங்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் மூன்றாம் பாகத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள். அது முறைவைத்து ஆடும் போர். இது எல்லோரும் ஒரே நேரத்தில் போரிட, நீங்கள் வேண்டியபோது நிறுத்தி ஆணையிடும் முறை. அங்கே பிறர் நம்மிடம் பேசும் வரிகள் ஏறக்குறைய எல்லாமே குரலில் ஒலிக்கின்றன. இங்கே சில வரிகளுக்கு மட்டுமே குரல் உண்டு, மற்றவற்றை வாசிக்க வேண்டும். குறுகிய சுரங்கப் பாதைகளில் தோழர்கள் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு நிற்பார்கள் என்ற புகாரும் நியாயமானதே.

இன்று கடைகளில் பிரதானமாக விற்கப்படுவது, பீம்டாக் நிறுவனம் 2012 நவம்பரில் வெளியிட்ட ‘என்ஹான்ஸ்டு எடிஷன்’ என்ற மேம்பட்ட பதிப்பு. 1999-இல் வந்த ‘டேல்ஸ் ஆஃப் தி ஸ்வோர்டு கோஸ்ட்’ என்ற இணைப்பும் இதற்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதைத் தனியே தேட வேண்டாம். வெளியான காலத்தில் பிழைகள் மலிந்திருந்ததால் கடுமையான கருத்துகள் குவிந்தன. பின்னர் வந்த திருத்தங்களில் அவற்றில் பெரும்பகுதி சரிசெய்யப்பட்டுவிட்டது. எனவே 2012, 2013-இல் எழுதப்பட்ட குறைகளை இன்றைய நிலையாகக் கொள்ளாதீர்கள். பழைய ரசிகர்களின் மற்ற இரண்டு மனக்குறைகள் இன்றும் பொருந்தும்: கதையின் நடுவே வரும் அசல் காணொளிகளை நீக்கி, ஓவியமாக வரைந்த காட்சிகளை வைத்தது ஒன்று, புதிதாகச் சேர்த்த நீரா, டோர்ன், ரசாத் ஆகிய தோழர்களின் பேச்சு நடை பழையவர்களோடு ஒட்டவில்லை என்பது மற்றொன்று. முதன்முறை விளையாடும் உங்களுக்கு இவை உறுத்தப்போவதில்லை. மாறாக, எத்தனை அடிபட்டாலும் நம் ஆட்கள் சாகாத ‘ஸ்டோரி மோட்’ என்ற நிலை இந்தப் பதிப்பில் இருக்கிறது. விதிகள் பிடிபடும் வரை அதையோ எளிய நிலையையோ தேர்ந்தெடுப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

வாங்கும் முறையில் ஒரு முன்னெச்சரிக்கை அவசியம். ஸ்டீம் கடையில், வாங்கிய 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பாத்திரத்தை உருவாக்கும் நேரமும் இந்த இரண்டு மணியில் சேரும். நல்ல எண்கள் விழும்வரை பகடையை உருட்டிக்கொண்டிருந்தால் அதிலேயே ஒரு மணி கரைந்துவிடும். ஆகவே சோதனைக்கென்று ஒரு மனிதப் போர்வீரனை விரைவாக உருவாக்கி, கதை தொடங்கும் கேண்டில்கீப் கோட்டையின் சில்லறை வேலைகளை விட்டுவிட்டு வெளியேறி, நாயகனின் தோழி இமோயனைச் சேர்த்துக்கொண்டு நேரே விடுதிக்குச் செல்லுங்கள். வாசற்படிச் சண்டையில் காவலர்களும் உதவுவார்கள். அதை முடித்து உள்ளே சென்று காலித்தையும் ஜஹீராவையும் சந்தித்தபின், மேற்கொண்டு ஆட மனம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தயங்காமல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஜி.ஓ.ஜி. என்ற மற்றோர் இணையக் கடையில் இதற்கு 30 நாள் அவகாசம் உண்டு, விளையாடியிருந்தாலும் கேட்கலாம்; பதிவிறக்கிய கோப்பும் உங்கள் கணினியிலேயே நகல் காப்புப் பூட்டின்றி இருக்கும். பொறுமையாகப் பழக விரும்புவோருக்கு நான் இந்தக் கடையையே பரிந்துரைப்பேன்.

இரண்டு கடைகளிலும் விலை அடிக்கடி பாதிக்கும் கீழே இறங்குகிறது. முழு விலை கொடுக்க அவசரப்படாதீர்கள். 2016-இல் வந்த ‘சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர்’ தனி விலையுள்ள இணைப்பு. முதல் பாகத்தை முடிக்காமல் அதை வாங்க வேண்டாம்.

கேள்வி: இரண்டாம் பாகமே சிறந்தது என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நேரே அதிலிருந்து தொடங்கினால் என்ன?

பதில்: தொடங்கலாம், கதை புரியும். 2000-இல் வந்த அந்தப் பாகம் எழுத்திலும் எதிர்நாயகன் ஐரனிகஸின் படைப்பிலும் ஒரு படி மேல் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அது உங்களை ஏழு, எட்டு லெவல்களில், பக்கம் பக்கமாக மந்திரங்களோடு இறக்கிவிடும். இந்த விதிகளை அறியாதவருக்கு அந்தச் சுமை முதல் பாகத்தின் ஓநாயைவிடக் கடினமானது. முதல் பாகத்தை முடித்தால் அதே நாயகனை இரண்டாம் பாகத்துக்குக் கொண்டு செல்லவும் முடியும்.

கேள்வி: 1998-ஆம் ஆண்டின் அசல் பெட்டி, ஐந்து குறுவட்டுகளோடு, பழைய பொருள் விற்பவரிடம் கிடைக்கிறது. அதை வாங்கி விளையாடலாமா?

பதில்: அலமாரியில் வைத்துப் பாதுகாக்க ஆசையிருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்தப் பதிப்பு 640-க்கு 480 புள்ளித் திரைக்காகச் செய்யப்பட்டது. இன்றைய விண்டோஸில் ஓடவைக்க ரசிகர்கள் எழுதிய திருத்தக் கோப்புகளை நாட வேண்டியிருக்கும். வட்டு இயக்கி இல்லாத கணினிகளே இப்போது அதிகம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வாங்குவதானால் ஐந்து வட்டுகளையும் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். ஒன்று பழுதானாலும் கதை பாதியில் நின்றுவிடும்.