ஓசிடி: குளிசை மூன்று கிழமையில் ஏன் வேலை செய்யவில்லை, கழுவுவதைத் தடுத்தால் சரியாகுமா?

கேள்வி இதுதான்: "முல்லைத்தீவுப் பக்கம். அக்காவுக்கு 34 வயது. ஒரு நாளைக்கு ஒரு கட்டி சவர்க்காரத்தைக் கை கழுவியே முடிக்கிறா. தேவையில்லை என்று தனக்கே தெரியும் என்கிறா, ஆனால் விட முடியவில்லை. கிளினிக்கில் ஓசிடி (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் விடாத மனநோய்), மூளையில் இரசாயனக் குறைபாடு என்று சொல்லி ஃபுளுவொக்செட்டின் 20 மி.கி. தந்தார்கள். மூன்று கிழமையாக ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்தலாமா? மோட்டரை நிறுத்திக் கழுவ விடாமல் செய்தால் பழக்கம் மாறுமா?"

குளிசையையும் நிறுத்த வேண்டாம், மோட்டரையும் நிறுத்த வேண்டாம். ஏனென்று விளங்க, மூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கண்குழிக்கு நேர் மேலே, முன்மூளையில், 'ஏதோ பிழை' என்று எச்சரிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. ஓர்பிட்டோஃப்ரொன்டல் கோர்டெக்ஸ் என்பது அதன் பெயர். அந்த எச்சரிக்கை மூளையின் ஆழத்தில் உள்ள கோடேட்டுக்கும் பிறகு தலமஸுக்கும் போய், திரும்ப முன்மூளைக்கே வந்து சேரும். இந்தச் சுற்றில் கோடேட்டின் வேலை குளத்துத் துருசின் வேலை. வயலுக்குப் போதிய தண்ணீர் போனதும் இரணைமடுவில் துருசை இறக்குவதுபோல, கையை ஒருமுறை கழுவியதும் அது எச்சரிக்கையை அடைக்க வேண்டும். திறக்க ஒரு நரம்புப் பாதை, அடைக்க ஒரு பாதை. ஓசிடியில் திறக்கும் பாதையின் கை ஓங்கிவிடுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். கை துப்பரவு என்று கண்ணும் சொல்கிறது, அறிவும் சொல்கிறது; 'காணும், போதும்' என்ற உணர்வு மட்டும் வருவதில்லை. அக்கா தெரிந்தும் விட முடியாமல் நிற்பது இதனால்தான். அது பிடிவாதமும் இல்லை, விசரும் இல்லை.

'இரசாயனக் குறைபாடு' என்பது பாதி உண்மை. சீனி வருத்தத்துக்கு இரத்தம் எடுத்துப் பார்ப்பதுபோல, நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இரசாயனங்களில் ஒன்றான செரட்டோனின் இவ்வளவு குறைவு என்று அளந்து ஓசிடியை உறுதிசெய்யும் பரிசோதனை எதுவும் கிடையாது. செரட்டோனினைச் சந்தேகிக்க வைத்தது மருந்துகளின் போக்கு. குளோமிப்ரமினும் டெசிப்ரமினும் ஒரே குடும்பத்து மனச்சோர்வு மருந்துகள். செரட்டோனினில் பலமாக வேலை செய்யும் குளோமிப்ரமின் ஓசிடியைக் குறைத்தது. நோரட்ரினலின் என்ற வேறொரு இரசாயனத்தில் வேலை செய்யும் டெசிப்ரமின் குறைக்கவில்லை. குளுட்டமேட், டோபமின் ஆகிய மற்ற மூளை இரசாயனங்களுக்கும் பங்கு இருப்பதற்கான அறிகுறிகள் உண்டு.

உங்கள் மூன்று கிழமைக்கு வருவோம். ஃபுளுவொக்செட்டின் செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைச் சில மணித்தியாலங்களிலேயே தடுக்கத் தொடங்கிவிடும். ஆனால் நரம்புக் கலங்களில் செரட்டோனின் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பிகள் தளர்ந்து கொடுக்கக் காலம் எடுக்கும். இதே வகை மருந்துகளை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நான் மேலே சொன்ன கண்குழி மேல்பகுதியில் 3 கிழமையில் வராத மாற்றம் 8 கிழமையில் வந்தது. மனிதரிலும் ஓசிடிக்கு 8 தொடக்கம் 12 கிழமை பொறுத்துத்தான் மருந்தை மதிப்பிட வேண்டும். அளவும் வேறு. மனச்சோர்வுக்குப் பலருக்கு 20 மி.கி. போதும், ஓசிடிக்கு 40 அல்லது 60 மி.கி. வரை, சிலருக்கு 80 வரை ஏற்ற வேண்டி வரும். அதை டொக்டர்தான் ஏற்ற வேண்டும், வீட்டில் இரண்டு குளிசையாகக் குடிக்கக் கூடாது. முதல் இரண்டு கிழமையில் குமட்டல், நித்திரைக் குறைவு, பதகளிப்பு வரலாம்; காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் கொஞ்சம் குறையும். நோவுக்கு ட்ரமடோல் எடுப்பவரென்றால் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தோடு நாட்கணக்காக இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மருந்து எச்சரிக்கையின் சத்தத்தைக் குறைக்கும். ஆனால் கழுவாமலே பயம் இறங்கும் என்பதை மூளைக்குக் கற்றுக்கொடுப்பது பயிற்சிதான். ஒவ்வொரு முறை கழுவும்போதும் பயம் சட்டென்று இறங்குகிறது. 'கழுவினதாலதான் தப்பினேன்' என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் பலமாகக் கேட்கிறது. பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்து இதை உடைக்கும் முறையை விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் லண்டனில் இருவரின் சிகிச்சை மூலம் எழுதினார். 1992இல் லூயிஸ் பாக்ஸ்டரின் குழு அமெரிக்காவில் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, மருந்தால் குணம் கண்டவர்களிலும் பயிற்சியால் மட்டுமே குணம் கண்டவர்களிலும் வலப்பக்கக் கோடேட்டின் மிகைச் செயற்பாடு ஒரேமாதிரிக் குறைந்திருந்தது. எனக்கு இது ஓசிடி ஆய்வுகளிலேயே மிக நம்பிக்கை தருகிற முடிவு.

செய்யும் விதம் இது. அக்கா தானே ஒரு கொப்பியில் பயப்படும் பொருட்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயப்புள்ளி போட வேண்டும். படலைக் கொளுக்கி 30, கிணற்றுக் கயிறு 40, சந்தையில் கிடைத்த காசுத்தாள் 55, பஸ் கம்பி 70, கோழிக்கூடு 85 என்று வரலாம். 30, 40இல் தொடங்குங்கள். உள்ளங்கை முழுவதும் படத் தொட்டு, அந்தக் கையாலேயே தன் தலையணையையும் உடுப்பையும் தொட வேண்டும். இல்லாவிட்டால் 'துப்பரவான மூலை' ஒன்று மிஞ்சி, பயம் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். பிறகு கழுவாமல் 45 நிமிடமாவது இருக்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளியை எழுதுங்கள். நாள்தோறும் செய்து, தொடக்கப் புள்ளி பாதியாகிச் சில நாள் நிலைத்தால் அடுத்த படி. 45 நிமிடம் முடியாத நாளில் 15 நிமிடம் தள்ளிப்போட்டாலும் அது பயிற்சிதான்.

பெரும்பாலும் பிழைப்பது ஒளிவு மறைவான கழுவலில். பாவாடையில் துடைப்பது, விரல்களை அகட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பது, மனதுக்குள் எண்ணுவது, 'நேரம் முடிய நல்லாக் கழுவலாம்' என்று கடன் வைப்பது எல்லாமே கழுவலின் தம்பிமார். செத்தவீடு போய்வந்து தோய்வதை விடச் சொல்லாதீர்கள். வீட்டில் மற்றவர்கள் தோயும் அளவுக்கு ஒருமுறை, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்னும் கக்கூசுக்குப் பின்னும் 20 செக்கன் கழுவுவதும் சாதாரணமே.

மோட்டரை நிறுத்துவதும் சவர்க்காரத்தை ஒளிப்பதும் இதில் சேராது. அக்கா விரும்பித் தொடும் தொடுகையில்தான் மூளை கற்கும்; பலவந்தத்தில் பயம் மட்டும் ஏறும், கழுவல் இரவுக்கு மாறும். நீங்கள் குறைக்க வேண்டியது உங்கள் பதிலை. "கை துப்பரவோ?" என்று கேட்கும்போது "ஓம், ஒண்டுமில்லை" என்கிறீர்களே, அதுவும் ஒரு கழுவல்தான், உங்கள் வாயால் நடக்கிறது. முன்கூட்டியே அவவோடு கதைத்து ஒப்புக்கொண்ட பிறகு இப்படிச் சொல்லுங்கள்: "அக்கா, இது வருத்தம் கேக்கிற கேள்வி. நான் பதில் சொல்லேல்ல, ஆனா பக்கத்தில இருக்கிறன்." ஒரே நாளில் வேண்டாம், நாளுக்குப் பத்துப் பதில் என்றால் இந்தக் கிழமை ஏழு.

வன்னியில் இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2009இல் கண்டது திரும்பத் திரும்பக் கண்முன் வருவதும், இரவில் சத்தம் கேட்டுப் படலையைப் பார்ப்பதும் போர் வடுவாக இருக்கலாம். அது நடந்ததைக் காட்டும். ஓசிடி நடக்காததை 'நடந்தால்?' என்று கேட்கும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், ஆகவே டொக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள். மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் போகாதிருப்பது நோயே இல்லை. உண்மையான ஆபத்தை ஒருபோதும் பயிற்சிப் படியாக்கக் கூடாது.

வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதை யாரும் தடுக்க வேண்டியதில்லை, குளிசை தவறாமல் இருந்தால் சரி. குணம் கண்ட பிறகும் ஒரு வருடமாவது தொடர வேண்டும். நிறுத்தும்போது மெதுவாகக் குறைக்க வேண்டும். அடுத்த கிளினிக்கில், ஓசிடியின் கடுமையை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் புள்ளி போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். பத்துக் கேள்வி, மொத்தம் 40. இன்று 28 என்றால், 12 கிழமையில் 18க்கு இறங்கினால் மருந்து நன்றாகப் பிடிக்கிறது. இறங்காவிட்டால் அளவை ஏற்றவும் இதே வகை மருந்தான செர்ட்ரலினுக்கு மாற்றவும் வழி உண்டு. பயப்புள்ளி எழுதிய கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.