மேலங்கியை எடுத்துக்கொண்டு வா

கேள்வி:

அன்புள்ள ஐயா, எனக்கு 31 வயது. ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்து ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். பிறகு 2 வருடம் வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு, 4 வருடமாக ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ஊழியம் செய்கிறேன். எந்த ஸ்தாபனத்தையும் சேராத சின்ன சபை. 9 குடும்பங்கள் இருந்தோம். போன வருடம் கொஞ்சம் வசதியான 2 குடும்பங்கள் டவுனில் உள்ள பெரிய சபைக்குப் போய்விட்டார்கள். காணிக்கை பாதியாகிவிட்டது. வீட்டு வாடகைக்கும் குழந்தையின் பாலுக்குமே இழுபறி. மனைவி பெயரில் குழுக் கடன் இருக்கிறது. நாங்கள் ஜெபத்துக்குக் கூடும் வீட்டைப் பற்றி யாரோ புகார் கொடுத்ததால் 2 தடவை காவல் நிலையத்துக்குப் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறேன், திங்கட்கிழமை பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் நல்லது என்று சில இரவுகளில் தோன்றுகிறது. இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஊழியத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனால் அது பின்வாங்கிப் போவதாகுமா?

(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தின வரிகளைப் படித்ததும், இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்று இரவே கூப்பிட்டேன். நாம் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். அதையெல்லாம் இங்கே மறுபடி எழுதுவதற்குக் காரணம், உங்களைப் போலவே திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற இன்னும் பல தம்பிமார் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதுதான். அவர்கள் கடிதம்கூட எழுதியிருக்க மாட்டார்கள்.

முதலில் அந்த இரவுகளைப் பற்றி. "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு எலியா சொன்னதை நீங்களே பிரசங்கம் பண்ணியிருப்பீர்கள். அந்த இடத்தில் தேவதூதன் என்ன செய்தான் என்று மெதுவாக வாசித்துப் பாருங்கள். புத்தி சொல்லவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான். தூதன் இரண்டாம் தரம் வந்து எழுப்பி மறுபடியும் சாப்பிடத்தான் சொன்னான்: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." கர்மேலில் அக்கினியை இறக்கிய ஒரு தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் கொடுத்த முதல் மருந்து சோறும் தூக்கமும்தான்.

ஆகவே, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், சாக வேண்டும் என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தால், மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிற விசுவாசியை நாம் குறைவாக நினைப்பதில்லையே, மனம் சோர்ந்துபோனவருக்கு மட்டும் ஏன் உபவாசத்தைச் சொல்லி அனுப்புகிறோம்? அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். இரவில் நினைப்பு முற்றினால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. கட்டணம் கிடையாது, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். பேசியபிறகு ஜெபம் பண்ணுங்கள், அதில் ஒரு முரணும் இல்லை.

அப்புறம், மனைவியிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வறுமையைவிட, புகாரைவிட, போய்விட்ட அந்த இரண்டு குடும்பங்களைவிட, இந்த மறைத்தல்தான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று நினைக்கிறேன். நானும் மறைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

1984-ல் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தேன். என்னை அனுப்பியவர்களிடமிருந்து 7 மாதம் பணம் வரவில்லை. கடிதம் போட்டேன், பதிலும் வரவில்லை. அப்போது எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து 3 மாதம். விசுவாசிகள் வீட்டுக்குப் போனால், "ஐயா சாப்பிட்டீங்களா?" என்பார்கள். வயிறு காய்ந்திருக்கும். "இப்பத்தாம்மா சாப்பிட்டேன், ஸ்தோத்திரம்" என்பேன். ஊழியக்காரன் பசியோடிருக்கிறான் என்று தெரிந்தால் கர்த்தருடைய நாமத்துக்கு இழுக்கு என்று நம்பினேன். அது பொய், அந்தப் பொய்யை ஸ்தோத்திரத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

பக்கத்து வட்டாரத்தில் இருந்த ஒரு மூத்த போதகர், யார் சொன்னாரோ தெரியாது, ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் ஜெபம் பண்ணவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கடைத்தெருவுக்குப் போய் அரிசியும் பருப்பும் வாங்கிவந்து என் மனைவியிடம் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இந்த ஞாயிறு நீ பிரசங்கம் பண்ணாதே, நான் பண்ணுறேன். நீ பிள்ளையை மடியில வச்சுக்கிட்டுக் கீழே உட்காரு" என்றார். அந்த ஞாயிறு என் சொந்த சபையில், பாயில், விசுவாசிகளோடு விசுவாசியாக உட்கார்ந்து அழுதேன். அதைப் பார்த்த பிறகுதான் அந்த ஜனங்கள் என்னோடு நெருங்கினார்கள். அடுத்த வாரமே ஒரு தாயார் கேழ்வரகு கொண்டுவந்து வைத்தார். அதுவரை கொடுக்க விரும்பாதவர்கள் அல்ல அவர்கள். தேவை இருப்பதாகவே நான் காட்டிக்கொள்ளவில்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தை நம் கூட்டங்களில் "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்கிற வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். தயவுசெய்து அதற்குக் கீழே வாசியுங்கள். சிறைக்குள்ளே இருக்கிற கிழவர் எழுதுகிறார்: சீக்கிரமாய் என்னிடத்தில் வா. தேமா என்னைவிட்டுப் போய்விட்டான். லூக்கா மட்டும் என்னோடு இருக்கிறான். துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா. நான் முதல்முறை விசாரணைக்கு நின்றபோது ஒருவனும் கூட இல்லை. மாரிகாலத்துக்கு முன் வந்துசேர். சபைகளை நாட்டின அப்போஸ்தலன் குளிருகிறது என்றும் தனிமையாக இருக்கிறது என்றும் தன் பிள்ளை வயதுள்ள சீஷனிடம் வெட்கப்படாமல் எழுதுகிறார். கர்த்தர் தமக்குத் துணை நின்றார் என்று சொல்கிற அதே அதிகாரத்தில்தான் மேலங்கியையும் கேட்கிறார்.

அதே அதிகாரத்தில் உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதுகிறாரே, அந்த மாற்கு யார்? பவுலோடும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவோடும் போன முதல் பிரயாணத்தில் பெர்கேயில் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பியவன். அவனை மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் சண்டைபோட்டுப் பிரிந்தார்கள். பவுல் கைவிட்டவனைப் பர்னபா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். வருடங்கள் கழித்து அவனைத்தான் பவுல் கேட்டு அனுப்புகிறார். ஆகவே தம்பி, ஒருவன் ஒரு இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டால் கர்த்தரிடத்தில் அவனுடைய கணக்கு முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சபைப் பொறுப்பை விடுவதும் கர்த்தரை விடுவதும் ஒன்றாகாது. ஆனால் சூரைச்செடியின் கீழே படுத்திருக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள். தூக்கம் திரும்பி வரட்டும், ஒரு 6 மாதம் போகட்டும். அப்புறம் உங்கள் மனைவியோடும், உங்களை நேசிக்கிற இரண்டு பெரியவர்களோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அதற்கிடையில் வேலைக்குப் போவதா என்றால், தாராளமாகப் போங்கள்! உங்கள் கையில் எலக்ட்ரீஷியன் தொழில் இருக்கிறது. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்து, அடுத்த வருடமே முட்னாபட்டியில் ஓர் அவுரித் தொழிற்சாலையில் மேனேஜராக வேலைக்குச் சேர்ந்து, பல வருடம் அந்தச் சம்பளத்தில்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். வாரத்தில் 3 நாள் வயரிங் வேலைக்குப் போகிற போதகர் ஏணியில் நிற்பதைப் பார்க்கிற கிராமத்துக்காரன், அதுவரை கேட்காத கேள்விகளைக் கேட்பான். குழுக் கடனை முதலில் அடையுங்கள். சபையின் வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, மிச்சமிருக்கிற 7 குடும்பங்களுக்கும் படித்துக் காட்டுங்கள். கேட்க வேண்டியதில்லை, காட்டினால் போதும்.

கேரியைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மிஷனெரிக் கூட்டங்களில் அவர் பொறுமையைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருப்போம்! வந்து 7 வருடம் கழித்து, 1800 டிசம்பரில்தான் கிருஷ்ணபால் என்ற முதல் மனிதர் ஞானஸ்நானம் பெற்றார் என்று சொல்லி நம்மை உற்சாகப்படுத்துவார்கள். அவருடைய மனைவி டாரதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த அம்மாவுக்கு இந்தியாவுக்கு வர முதலில் மனமில்லை, கடைசி நேரத்தில்தான் சம்மதித்தார். வந்த மறுவருடம் 5 வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதன்பின் மனநிலை பாதிக்கப்பட்டு, 1807-ல் சாகும்வரை அவர் குணமாகவே இல்லை. கேரியின் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. நம் கையில் தமிழ் வேதாகமம் இருப்பதைப் போல வங்காளிகளின் கையில் அவர்கள் மொழியில் வேதாகமம் இருக்கக் காரணமானவர் அவர். ஆனாலும் அந்தத் தாயின் கண்ணீரை ஊழியத்துக்கான செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. உங்கள் மனைவி பெயரில் கடன் இருக்கிறது, அவர் மடியில் குழந்தை இருக்கிறது, உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இன்று இரவு பிள்ளை தூங்கினபிறகு சொல்லிவிடுங்கள். எனக்கு எழுதின கடிதத்தையே படிக்கக் கொடுத்தாலும் சரி.

புகார் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். ஒரு வழக்கறிஞரையும், ஊரில் எல்லோரும் மதிக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுத்த மனு, வாங்கின ரசீது எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். வழிபாட்டுக்கென்று கட்டிடம் கட்டுவதானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும், ஆகவே யாராவது ஆசைகாட்டினாலும் அவசரப்பட்டு அஸ்திவாரம் போடாதீர்கள். புகார் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் பொங்கலுக்கோ அவர் வீட்டு விசேஷத்துக்கோ போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அதை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

டவுன் சபைக்குப் போனவர்களை ஆசீர்வதித்து விட்டுவிடுங்கள். வழியில் பார்த்தால் பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேளுங்கள்.

இனி நண்பர்களைப் பற்றி. நம் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துப் போதகரின் மகனாகப் பிறந்த வி.எஸ். அசரியா, 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் பேச நின்றபோது அவருக்கு 35 வயது. உங்களைவிட 4 வயதுதான் மூத்தவர். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்கார மிஷனெரித் தலைவர்கள். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர்களிடம் கேட்டார். 1912-ல் தெலுங்கு நாட்டில் இருக்கிற தோர்ணக்கலின் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்திய பிஷப். அன்று அவர் கேட்டது, மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதை. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்று நம் சபைகளில் மூத்த போதகர்களுக்கும் இளையவர்களுக்கும் நடுவே அதே தூரம் கிடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கன்வென்ஷன் மேடையில் கைகுலுக்குகிறோம், அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பதில்லை. இதைப் படிக்கிற என் வயதுக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இந்தத் தம்பி மனைவியிடம்கூடச் சொல்ல முடியாமல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் என்றால் அதில் நமக்குப் பங்கு இருக்கிறது.

தம்பி, உங்கள் தாலுகாவிலேயே உங்களைப் போல் தனியாக நிற்கிற இரண்டு பேரைத் தேடுங்கள். எந்த சபைக்காரராக இருந்தாலும் சரி. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சந்தியுங்கள். சபை எண்ணிக்கையைப் பற்றிப் பேச வேண்டாம். சாப்பிடுங்கள், தூங்கினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் ஜெபத்தில் சொல்லுங்கள். உங்களுக்கு ஜெபம் வராத நாளில் மற்ற இரண்டு பேர் ஜெபிக்கட்டும், நீங்கள் ஆமென் மட்டும் சொன்னால் போதும்.

ஐப்பசி மழை உங்கள் பக்கம் பிடித்துக்கொள்வதற்குள் நான் வருகிறேன். சனிக்கிழமை வந்து ஞாயிறு இருந்துவிட்டுப் போவேன். ராமநாதபுரத்திலிருந்து உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அந்த ஞாயிறு பிரசங்கத்துக்கு நீங்கள் ஆயத்தம் பண்ண வேண்டாம்.